சில்லிட்ட கைகளோடு கத்திரி வெயிலுக்கு

மே மாதத்தில் மலைக்கு ஏறி வருகிறவர்களைத்தான் குன்னூர் ஸ்டேஷன் பார்த்துப் பழகியிருக்கிறது. செவ்வாய்க்கிழமை பிற்பகல் கீழே இறங்கும் வண்டியில், கம்பளிக் காலுறையோடு ஏறி உட்கார்ந்து "திருச்சிக்குப் போறோம்" என்று நான் சொன்னதும், எதிரில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கத்திரி வெயில் ஆரம்பிச்சிருக்கே, தெரியுமில்ல?"

தெரியும் என்றேன். அதற்காகத்தான் போகிறோம் என்று சொல்லவில்லை. சொன்னால் மேட்டுப்பாளையம் வரை விளக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

வாசகர்களுக்கு மட்டும் விளக்கிவிடுகிறேன். என் கைகால்கள் எந்நேரமும் சில்லிட்டிருக்கும். ரத்தம் விரல் நுனி வரை சரியாகப் போய்ச் சேருவதில்லை என்கிறார்கள். குளிர் பட்டால் விரல்கள் முதலில் சுண்ணாம்பாய் வெளுக்கும், பிறகு நீலம் பாயும், பிறகு ரத்தம் திரும்பும்போது சிவந்து எரியும். மூன்றில் கடைசிதான் கொடுமை. நான் குன்னூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மார்கழி, தை மாதங்களில் முதல் பீரியடில் சாக்பீஸ் என் விரலில் நிற்காது. யாராவது ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பலகையில் எழுதச் சொல்லிவிட்டு, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பாடம் சொல்வேன். போன குளிர்காலத்தில் இடது கால் விரலில் புண் வந்து, அது ஆறுவதற்குள் மாசியே முடிந்துவிட்டது. "இன்னொரு தடவை இப்படி வந்தால் அந்த விரல் தங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கீழே வெயில் ஊருக்குப் போனால் ஒருவேளை குணமாகலாம்" என்றார் எங்கள் ஊர் டாக்டர். அன்றிலிருந்து ராத்திரி படுக்கும்போது கால் விரல்களை ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வந்ததில்லை.

என் கணவருக்குத் தேயிலைக் கம்பெனியில் உத்தியோகம். கம்பெனிக்குத் திருச்சியில் ஒரு டிப்போ உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கரீம் பாய் ஓய்வு பெறப் போகிறார். அந்த இடம் வேண்டுமா வேண்டாமா என்று அடுத்த திங்கட்கிழமைக்குள் இவர் சொல்லியாக வேண்டும். வேண்டும் என்றால் என் பள்ளிக்கூட வேலை போய்விடும். இவருக்குக் குன்னூர் ஆபீசில் அடுத்து வரவிருந்த பெரிய நாற்காலியும் போய்விடும். இவ்வளவையும் விட்டுவிட்டுப் போய், அங்கேயும் கை சில்லிட்டே இருந்தால்? அதனால்தான் திருச்சி வெயிலில் நாலைந்து நாள் இருந்து பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். புடவை எடுப்பதற்கு முன் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

புதன்கிழமை காலை. ஈரோட்டில் வண்டி மாறியிருந்தோம். கரூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் காவிரி கூடவே வந்தது. காவிரி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கண்ணுக்கு எட்டியவரை மணல், நடுவில் இரண்டு மூன்று இடத்தில் வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர். கரையில் மட்டும் வாழைத்தோட்டங்கள் ஒரு குறையும் இல்லாமல் பச்சென்று நின்றன. குளித்தலையில் காலுறையைக் கழற்றிப் பையில் வைத்தேன். பெட்டியில் எல்லோரும் துண்டாலும் விசிறியாலும் வீசிக்கொண்டிருந்தார்கள். என் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். அது குன்னூரிலேயே இருந்தது.

ஜங்ஷனில் இறங்கும்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை, அதற்குள் பிளாட்பாரம் தகித்தது. நாங்கள் தங்கவிருந்த கரீம் பாய் வீடு கோட்டைப் பக்கம் ஜாபர்ஷா தெருவில். மூன்று மைல் இருக்கும். ஜட்கா வண்டிக்காரர் ஒன்றேகால் ரூபாய் கேட்டார், ஒரு ரூபாய்க்கு ஒத்துக்கொண்டார். பாலக்கரை தாண்டும்போது எங்கிருந்து வருகிறோம் என்று விசாரித்தார்.

"குன்னூருங்களா? இந்த மாசத்துல வசதி உள்ளவங்க எல்லாம் இங்கேருந்து அங்க ஓடுறாங்க. நீங்க அங்கேருந்து இங்க ஓடி வரீங்களே."

"உடம்புக்குங்க" என்றார் இவர்.

"எந்த டாக்டருங்க சொன்னாரு?" என்று கேட்ட வண்டிக்காரர், பதிலுக்குக் காத்திராமல் குதிரையை அதட்டினார். குரலில் அந்த டாக்டர்மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புது ஆட்களைப் பார்க்கும்போது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன். தொட்டவர்கள் திடுக்கிடுவதைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. ஆனால் கரீம் பாயின் வீட்டம்மா பாத்திமா பீவியிடம் அது பலிக்கவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் விருந்தாளியின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டுதான் சலாம் சொல்கிறார்கள். முந்தானைக்குள்ளிருந்து என் கையை வெளியே எடுத்துப் பிடித்தவர், விடவே இல்லை.

"யா அல்லா, என்ன தங்கச்சி இது, தண்ணிப் பானையில கை விட்ட மாதிரி இருக்கு."

நான் வழக்கம்போல மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தேன். அவரோ என் உள்ளங்கையைத் தூக்கித் தன் கழுத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "நூர்ஜஹான், இங்க வா. இவங்க கையைத் தொட்டுப் பாரு" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

நூர்ஜஹான் அவருடைய மகள். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், இரண்டு மாதக் குழந்தையோடு இருந்தாள். குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ராத்திரி முழுக்க அழுகையாம். தாயும் பாட்டியும் ஆளுக்கு ஒரு பக்கம் ஓலை விசிறியால் வீசிக் களைத்துப் போயிருந்தார்கள். பாத்திமா பீவி என்னைக் கேட்காமலேயே என் உள்ளங்கையைக் குழந்தையின் முதுகில் வைத்தார். நான் பயந்துபோய்க் கையை இழுக்கப் பார்த்தேன். என் ஊரில் கைக்குழந்தையைத் தொட என்னை யாரும் விட்டதில்லை. இந்தக் குழந்தை ஒரு முறை விம்மியது, கொட்டாவி விட்டது, தூங்கிப்போனது. எனக்குக் கை மரத்துப்போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். குளிரால் இல்லாமல் கை மரத்தது எனக்குப் புது அனுபவம்.

வியாழக்கிழமை நண்பகல். பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் "மலையிலேருந்து வந்தவங்க கையை" பார்க்க வந்தார்கள். ஒருத்தர் நெற்றியில் வைத்துக்கொண்டார், இன்னொருத்தர் தன் பிள்ளையைக் கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். டிப்போவிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த என் கணவர், மாடி அறையில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தார். சற்றுநேரம் கழித்து "கையை இப்படிக் கொடு" என்றார். கொடுத்தேன். அதைத் தன் கண்களின்மேல் வைத்துக்கொண்டார். குளிர் ராத்திரிகளில் என் கால் பட்டதும் கட்டிலின் மறு ஓரத்துக்குப் போய்விடுகிற மனிதர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் யோசித்தால், கத்திரி வெயிலுக்கே மசியாத கை வேறு எதற்கு மசியும்? வந்த காரியம் நடக்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஸ்ரீரங்கம் போகாமல் திரும்புவதா என்று காலையில் புறப்பட்டோம். மெயின்கார்டு கேட்டில் டவுன் பஸ், ஆளுக்குப் பதினைந்து நயா பைசா. கண்டக்டர் அதை இன்னும் அணாக் கணக்கிலேயே சொன்னார். காவிரிப் பாலத்தின் மேலே மட்டும் கொஞ்சம் காற்று வந்தது. அம்மா மண்டபத்தில் இறங்கி, மணலில் நடந்து போய், முழங்கால் அளவுத் தண்ணீரில் எல்லோரையும் போல நானும் நின்றேன். குளித்து எழுந்தபோது பாதம் இரண்டும் வெளுத்து மரத்துப் போயிருந்தன. மற்றவர்களுக்கு இதமாக இருக்கும் தண்ணீரே எனக்கு விறைத்துப்போகப் போதும். இது வழக்கம்தானே என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கிருந்து ஒரு மைல் நடை. தெற்கே மொட்டைக் கோபுரம் தாண்டி, ரங்கா கோபுரத்து வாசலில் பூக்கடையில் செருப்பை விட்டோம். பெருமாள் சேவை நன்றாகக் கிடைத்தது. அடுத்தது தாயார் சந்நிதி. அந்தக் கோயிலைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது கோயில் என்பதைவிட ஓர் ஊர். ஒரு சந்நிதியிலிருந்து இன்னொரு சந்நிதிக்குப் போக, கூரை இல்லாத பெரிய வெளிகளைக் கடக்க வேண்டும். தரையெல்லாம் கருங்கல், மேலே பதினோரு மணி வெயில். ஜனங்கள் மண்டப நிழலின் ஓரத்தில் கூடி நிற்பதும், பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டு திடீரென்று அடுத்த நிழலுக்கு ஓடுவதுமாக இருந்தார்கள். பஞ்சகச்சம் கட்டிய பெரியவர்கள்கூட முயல் மாதிரி தாவினார்கள். என் கணவரும் தாவினார்.

நான் நடந்தேன். நடுவெளியில் போகும்போது பாதத்தில் லேசாக ஒரு வெதுவெதுப்பு தெரிந்தது. என் பாதங்கள் இவ்வளவு வெதுவெதுப்பாக இருந்தது எனக்கு நினைவே இல்லை. அப்படியே நின்றுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன், கை தானாகக் குவிந்தது. இவர் நிழலிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுகூட எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

தாயார் சந்நிதி நிழலுக்கு நான் வந்து சேர்ந்தபோது, மடிசார் கட்டிய ஓர் அம்மாள் என் முன்னால் வந்து குனிந்து சேவித்தார். அவர் பெயர் ரங்கநாயகி மாமி என்று பிறகு தெரிந்தது. அவர் கண்ணில் நீர் நின்றது.

"அடியேன் நாப்பது வருஷமா தெனம் சேவிக்கறேன். இந்த வெயில்ல கல்லு மேல நின்னுண்டு பெருமாள அனுசந்திக்கற பக்திய இதுவரைக்கும் பாத்ததில்ல. எந்த ஊரும்மா உங்களுக்கு?"

நான் மனசில் நினைத்து அனுசந்தித்துக்கொண்டிருந்தது என் பாதங்களைத்தான் என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. குன்னூர் என்றேன். வடக்கு உத்தர வீதியில்தான் அவர் வீடாம். நீர்மோர் சாப்பிடாமல் போகக்கூடாது என்று கையோடு அழைத்துப் போனார். வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டே நடந்தார். இவர் எனக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்.

வாசலில் கால் கழுவச் சொம்பு கொடுத்தார் மாமி. ஒரு காலைத் தூக்கி நீர் விட்டபோது அவருடைய முகம் மாறியது. குனிந்து பார்த்தேன். உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். சில உடைந்து தோல் தனியாகத் தொங்கியது. எனக்கு வலியே இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கணவர் என் தோளைப் பிடித்து, வாசலை அடுத்த ரேழியில் உட்கார வைத்தார். நான் மாமியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரத்த ஓட்டம், மரத்துப்போன பாதம், வெதுவெதுப்பு, எல்லாவற்றையும். பக்தி இல்லை மாமி, சுட்டது தெரியவில்லை என்றேன்.

மாமி சொம்பை எடுத்து ஓரமாக வைத்தார். ஏமாந்த கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"சேவிச்சது வீண் போகாது" என்றார் கடைசியில். "உங்களுக்குள்ளயும் பெருமாள்தானே எழுந்தருளியிருக்கார். அவர சேவிச்சதா இருக்கட்டும். இப்ப எழுந்திருங்கோ. நாலாவது ஆத்துல லேடி டாக்டர் இருக்கா."

லேடி டாக்டர் முதலில் கொப்புளங்களைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். பிறகு கணுக்காலிலும் பாதத்தின் மேற்புறத்திலும் விரல் வைத்து வெகுநேரம் நாடி பார்த்தார். கைகளையும் பார்த்தார்.

"நாடி ரெண்டு கால்லயும் நல்லா அடிக்குது. அடைப்பு ஒண்ணும் இல்ல. குளிர் பட்டா ரத்தக் குழாய் சுருங்கிக்குது. சில பேருக்கு அது அப்படித்தான்."

"இந்த ஊருக்கு வந்தா குணமாயிடுமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஆகாது. பச்சைத்தண்ணியில கை வெச்சாலே சில்லிட்டுப் போகும். ஆனா குளிர்காலப் புண்ணு இங்க வர வழியில்ல. அது வராம இருந்தா விரலுக்கும் ஆபத்தில்ல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. சூடு விஷயத்துல உங்க காலை நம்பாதீங்க. சுடு தண்ணின்னா முழங்கையால தொட்டுப் பாருங்க. கோயிலுக்குச் சாயங்காலம் போங்க."

சனிக்கிழமை முழுவதும் மாடி அறையில் தலையணை மேல் கால் வைத்துப் படுத்திருந்தேன். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஆரம்பித்தார்.

"டாக்டரே சொல்லிட்டாங்க, குணமாகாதுன்னு. வந்து மூணாம் நாளே கால் வெந்து படுத்திருக்கே. எதுக்கு இந்த ஊரு? அங்க உனக்கு வேலை இருக்கு. பாத்துப் பாத்து இருந்துக்கலாம்."

அவர் சொன்னது நியாயம். தனக்கு வரவிருந்த பெரிய நாற்காலியைப் பற்றி அப்போதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அன்று பகல் முழுவதும் தராசு முள் மாதிரி மனசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தை நினைத்தால் இருந்துவிடலாம் என்று தோன்றும். கால் விரலை நினைத்தால் வந்துவிடலாம் என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. நூர்ஜஹான் குழந்தையை என் பக்கத்தில் போட வந்தவள், ஒரு தாம்பாளத்தில் மல்லிகையும் ஈரவாழைநாரும் கொண்டு வந்திருந்தாள். மே மாதத்து மல்லிகை, ஒவ்வொன்றும் கொழுத்திருந்தது. அவள் பேசிக்கொண்டே தொடுத்தாள்.

"நீங்களும் தொடுங்களேன்" என்று நாரின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள்.

எனக்கு வராது என்று சொல்ல வாயெடுத்தேன். சின்ன வயதில் நன்றாகவே தொடுப்பேன். விரல் இப்படி ஆனபிறகு காலை வேளையில் சீப்பைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியாது. இருந்தாலும் நாரை வாங்கினேன். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு முடிச்சு. விரல் சில்லென்றுதான் இருந்தது. ஆனால் மடங்கியது. நாரின் ஈரத்தில் நுனி கொஞ்சம் வெளுத்தது, நான் உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டதும் திரும்பி வந்தது, எரியவில்லை. ஒரு முழம் தொடுத்து முடித்தேன். பூ நெருக்கமாக, வரிசை பிசகாமல் இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு நான் அழ, நூர்ஜஹான் பயந்துபோய் அம்மாவைக் கூப்பிட்டாள்.

பாத்திமா பீவி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கால் வலிக்குதா தங்கச்சி?"

"இல்லக்கா. காலையில ஆறு மணிக்கு என் கை வேலை செய்யுது" என்றேன்.

அவருக்கு அது என்ன பெரிய விஷயம் என்று புரிந்திருக்காது. ஆனாலும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி, பூவை எடுத்து என் தலையிலேயே வைத்துவிட்டார்.

குணமாவதற்காக வந்தேன், குணமாகவில்லை. ஆனால் இத்தனை வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது குணம்தானா என்று அந்தக் காலையில் யோசித்துப் பார்த்தேன். சாக்பீஸ் பிடிக்க ஒரு கை, புண் வராத ஒரு கால், இவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. சில்லென்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இந்த ஊரில் அதற்கும் ஆள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் இங்கே எத்தனையோ இருக்கிறது. யாராவது வேலை கொடுப்பார்களா என்பது தெரியாது. கேட்டுப் பார்க்க வேண்டும். இங்கேயே வந்துவிடலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் இரண்டு முறை திருப்பித் திருப்பிக் கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன்.

அன்று சாயங்காலமே திரும்பப் புறப்பட்டோம். கட்டுப் போட்ட காலோடு ஜட்காவில் ஏறும்போது பாத்திமா பீவி "எப்ப வரீங்க?" என்று கேட்டாரே தவிர, வருவீர்களா என்று கேட்கவில்லை.

திங்கட்கிழமை. மேட்டுப்பாளையத்தில் மலை வண்டி ஏறினோம். கல்லாறு தாண்டியதும் காற்று மாறியது. பெட்டியில் இருந்த கோடைக்காலப் பயணிகள் ஜன்னல் வழியே தலையை நீட்டி, என்ன சுகம் என்று சொல்லிக்கொண்டார்கள். எனக்கும் அந்த மலையைப் பிடிக்கும். தைல மர வாசனையும், மேகம் இறங்கி ரோட்டில் நடப்பதும், மழை விட்டதும் தெரியும் தேயிலைச் சரிவும் திருச்சியில் ஏது? அங்கே வெயிலும் புழுதியும் கொசுவும்தான் வாரி வழங்குகிறார்கள். ஒப்பிட்டால் எந்த ஊர் அழகு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஹில்குரோவ் ஸ்டேஷன் வருவதற்குள் என் விரல் நுனிகள் வெளுக்க ஆரம்பித்துவிட்டன. மே மாதம், பட்டப்பகல்.

குன்னூரில் தூறிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் என் கணவர் பையைத் திறந்து என் ஸ்வெட்டரை எடுத்தார். வெளியே சொன்னால் வெட்கம், இப்படி விரல் விறைக்கும்போதெல்லாம் அதன் பொத்தான்களை எனக்கு அவர்தான் போட்டுவிடுவார். கல்யாணமான முதல் குளிர்காலத்திலிருந்து அப்படித்தான். போர்ட்டர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். அங்கிருந்து நேராக ஆபீசுக்குப் போய்ச் சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

"இன்னும் ஒரு மாசந்தான். அப்புறம் உங்களுக்கு இந்த வேலை இல்ல" என்றேன்.

அவர் கழுத்துப் பொத்தானில் வந்து நின்றார். அதைப் போட வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"அதுக்குள்ள இது இல்லாம இருக்க நான் பழகிக்கணும்" என்றார்.